மேசையில் இல்லாத தும்பி

வானம் எல்லோருக்கும் பொது என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை அப்படியே நம்பி வளர்ந்த அப்பாவிகளில் தும்பிக்காரரும் ஒருவர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஊர் எல்லையில் இருந்த விமானப்படைத் தளத்தின் மதில்சுவரிலேயே அதைக் கொட்டை எழுத்தில் எழுதிவைத்திருந்தார்கள். 'வானம் அனைவருக்கும் பொது.' அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு கிட்டத்தில் போனால் மட்டும் தெரிகிற அளவில் இன்னொரு வரி இருந்தது. கிட்டத்தில் போனால் காவலுக்கு நின்றவர் துப்பாக்கியைத் தூக்குவார். ஆகவே அந்த இரண்டாவது வரியை ஊரில் யாரும் படித்ததில்லை.

தும்பிக்காரரிடம் ஒரு குட்டி விமானம் இருந்தது. மஞ்சள் நிறம், ஒற்றை விசிறி, இரண்டே இருக்கை. அது போடுகிற சத்தத்தைக் கேட்டு ஊர் அதற்குத் தும்பி என்று பெயர் வைத்தது. அதை ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒரு பெயர் வைக்கும் சிரமத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இருந்த சிற்றூருக்கு மருந்து, தபால், எந்திரச் சாமான் என்று கொண்டுபோய்ப் போடுவதுதான் அவர் பிழைப்பு. சாலை வழியாகப் போனால் மலையைச் சுற்றோ சுற்றென்று சுற்றி அரை நாள் ஆகும். காலையில் தின்றது பாதி வழியிலேயே வெளியே வந்துவிடும். தும்பியில் அரைமணி நேரம்.

அந்த ஊரில்தான் அவருடைய ஒரே தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கி, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு அவள் உண்டாகியிருந்தாள். சந்தோஷத்தை முழுசாக அனுபவிக்க விடாமல் டாக்டரம்மா ஒன்று சொல்லியிருந்தார். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது. மலைச் சாலையில் குலுங்கவே கூடாது. மாதம் ஏறியதும் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும் இந்தப் பக்கம் வந்து தங்கிவிட வேண்டும். நடுவில் உதிரம் பட்டால் ஒரு மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி மேசையில் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை.

"தும்பி இருக்கும்போது உனக்கு எதுக்கும்மா பயம்?" என்றார் அண்ணன். "ஏழாம் மாசம் முடியட்டும். அண்ணன் வந்து பூ மாதிரி தூக்கிட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டார். சொன்ன நாளில் வானம் எல்லோருக்கும் பொதுவாகத்தான் இருந்தது.

அதற்கு அடுத்த மாதம் தளத்துக்கு ஒரு இணக்க அதிகாரி வந்து சேர்ந்தார். வானத்தில் பறக்கும் தனியார்களோடு இணக்கமாக இருப்பதற்கென்றே அரசாங்கம் உண்டாக்கிய பதவி. மனிதர் பார்க்க லட்சணமாக இருப்பார். காலையில் பட்டன்களோடு சேர்த்துச் சிரிப்பையும் மாட்டிக்கொண்டு வருகிறவர், ராத்திரிதான் கழற்றுவார் போலிருக்கிறது. ஊரில் சொந்த விமானம் வைத்திருந்தவர்கள் மூன்றே பேர். தும்பிக்காரர், வயலுக்கு மருந்து தெளிக்கிறவர், பறக்கச் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியை. மூவருக்கும் அழைப்பு வந்தது. போனால் பீங்கான் கோப்பையில் டீ, தட்டு நிறைய பிஸ்கட். எவ்வளவு நாளாயிற்று அரசாங்கம் நம்மை உட்கார வைத்துப் பேசி என்று மூவருக்கும் நெஞ்சு குளிர்ந்துபோனது.

"நண்பர்களே," என்றார் இணக்க அதிகாரி, "நாங்க வானத்தை எடுத்துக்க வரலை. பகிர்ந்துக்க வந்திருக்கோம். பகிர்வுன்னா என்ன? எங்களுக்குத் தேவையானதை முதல்ல நாங்க எடுத்துக்குவோம். மீதி இருக்கறது முழுக்க முழுக்க உங்களுக்கு. அதுல நாங்க தலையிடவே மாட்டோம். மீதி எதுவும் இல்லைன்னா, அதுலயும் தலையிட மாட்டோம்."

கை தட்டினார்கள். தும்பிக்காரரும்தான் தட்டினார். கை தட்டி முடித்த பிறகுதான் அந்தக் கடைசி வாக்கியம் எங்கேயோ இடிக்கிறதே என்று தோன்றியது. அதற்குள் பிஸ்கட் தட்டு அவர் பக்கம் வந்துவிட்டது.

அறையின் நடுவில் ஒரு பெரிய மேசை. அதன்மேல் ஊர், வயல், மலை, மலைக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூர் எல்லாம் களிமண்ணிலும் வண்ணத்திலும் செய்து வைத்திருந்தார்கள். தளத்தின் விமானங்கள் சாம்பல் நிற மரப் பொம்மைகளாக நின்றன. தனியாருக்கும் ஆளுக்கொரு பொம்மை. தும்பிக்காரர் தன்னுடையதைக் கையில் எடுத்தார். கீழே வைக்க மனசே வரவில்லை. மஞ்சள் நிறம் அச்சு அசல். இடது இறக்கையில் இருந்த ஒடுக்குகூட அப்படியே.

"இந்த மேசைதான் வானம்," என்றார் அதிகாரி. "இங்க இருந்தா நீங்க அங்க இருக்கீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி டவருக்குச் சொல்லுங்க, பொம்மையை நகர்த்துவாங்க. ராடார் திரையில புள்ளி தெரிஞ்சு, மேசையில பொம்மை இல்லைன்னா அது பறவை. விதி அவ்வளவுதான்."

"பறவை இல்லாம வேற ஏதாவதா இருந்தா?" என்று கேட்டார் ஆசிரியை.

"பறவைகளுக்கு நாங்க பொறுப்பு ஏத்துக்கறதில்லை, அம்மா."

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகத் தும்பிக்காரர் மனைவியிடம் அளந்தார். அவள் தையற்காரி, வாசல் அறையில் மெஷினை மிதித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். "அப்படியே நம்ம தும்பி! இடது ரெக்கையில ஒடுக்கு இருக்குல்ல, அது உள்பட!"

மெஷின் நின்றது. "ஒடுக்கு விழுந்தது போன வாரம்தானே? அதுக்கப்புறம் நீங்க ஷெட்டைத் திறக்கவே இல்லையே. அவங்க எப்பங்க பார்த்தாங்க?"

அன்று ராத்திரி கொட்டகைக்கு இன்னொரு பூட்டு வாங்கிப் போட்டார்.

தையற்காரிக்கும் தளத்திலிருந்து ஒரு வேலை வந்தது. சிவப்புத் துணி, ஓரம் மடித்துத் தைத்தது, ஒரு மேஜைவிரிப்பு அளவுக்கு. அந்தத் துணி வான மேசையின் ஒரு மூலையில் விரிக்கப்பட்டது. சிவப்பு விழுந்த இடம் படைக்கு மட்டும். அடுத்த மாதம் அதே துணி திரும்பி வந்தது, ஒரு முழம் சேர்த்துத் தரச்சொல்லி. அதற்கடுத்த மாதம் மூன்று முழம். "என்னங்க இது, பிள்ளை வளர வளரப் பாவாடைக்குத் துணி கொடுக்கற மாதிரி இருக்கு?" என்றாள். தும்பிக்காரர் சிரித்தார். ஒவ்வொரு கூட்டத்திலும் பெண்டாட்டி தைத்த தையல் தன் வானத்துக்குள் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்த பிறகு சிரிப்பை விட்டுவிட்டார்.

ஒவ்வொரு முழத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஜெட்டுகள் திரும்ப இடம் வேண்டும். திரும்பிய ஜெட்டுகள் மறுபடி திரும்ப இடம் வேண்டும். வரப்போகும் ஜெட்டுகள் எப்படித் திரும்பும் என்று தெரியாததால் அதற்கும் கொஞ்சம் வேண்டும். பறக்கச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு மிஞ்சியது, ஓடுபாதைக்கு நேர்மேலே, ரெண்டு மாடி உயரம். பாவம், அவர் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார். மருந்து தெளிக்கிறவர் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு வயலில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். இணக்க அதிகாரி அடுத்த கூட்டத்தில் அவருக்குச் சால்வை போர்த்தி, "பகிர்வுக்கு இவரை விட நல்ல உதாரணம் கிடையாது. தன் பங்கையும் சேர்த்துப் பகிர்ந்துட்டார்" என்று பாராட்டினார். முதுகில் டப்பாவோடு வந்திருந்த மனிதர் சால்வையை எங்கே போட்டுக்கொள்வது என்று தெரியாமல் விழித்தார்.

சிவப்பு, மலையைத் தொட்ட அன்று தும்பிக்காரர் வாயைத் திறந்தார். கூட்டம் முடிந்து அதிகாரியைத் தனியாகப் பிடித்து, தங்கை, நஞ்சுக்கொடி, டாக்டரம்மா சொன்னது எல்லாவற்றையும் சொன்னார். "ஒரே ஒரு தடவை சார். போய்க் கூட்டிட்டு வந்துடறேன். அப்புறம் வானத்தைப் பூட்டிச் சாவியை நீங்களே வச்சுக்கங்க."

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது. கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். ஆடு நனைகிறதே என்று அழுத ஓநாயிடம் கைக்குட்டை இருந்ததா என்று தெரியவில்லை.

"உங்க தங்கச்சி எனக்கும் தங்கச்சிதான், நண்பரே. ஆனா பொதுமக்களுக்கு மலைக்கு மேல வழி கிடையாது." கொஞ்சம் யோசித்தார். "எதிரிக்கு இருக்கு."

"எதிரிக்கா?"

"பயிற்சிக் காலம் தொடங்குது. அடையாளம் தெரியாத விமானம் ஒண்ணு மலையைத் தாண்டி உள்ள வரணும். எங்க பசங்க துரத்திப் பிடிக்கணும். நிஜமான எதிரிங்க யாரும் இப்பல்லாம் ஒத்துழைக்கறதே இல்லை. உங்களை மாதிரி நம்பிக்கையான ஆள் எதிரியா வந்தா எங்களுக்கும் நிம்மதி."

"அப்போ தங்கச்சியை ஏத்திட்டு வரலாமா?"

"சேச்சே. எதிரி தனியாத்தான் வரணும். குடும்பத்தோட வந்தா பசங்களுக்குச் சுட மனசு வராது. பயிற்சி முடியட்டும், உங்க தங்கச்சிக்கு நானே வழி திறந்துவிடறேன்."

"வேலியில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கறீங்க," என்றாள் மனைவி. ஆனால் அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எதிரியாகவாவது மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தால் பாதை கை நழுவாது என்று கணக்குப் போட்டார்.

பயிற்சி இப்படி நடந்தது. தும்பி மலையைத் தாண்டிப் போய்த் திரும்பும். அங்கே மொட்டைமாடியில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்று துண்டை ஆட்டுவாள். இவர் இறக்கையை ஒருமுறை சாய்த்துக் காட்டுவார். அடுத்த நொடி எங்கிருந்தோ ரெண்டு ஜெட்டுகள் காது கிழிய வந்து நிற்கும். ரேடியோவில் "வீழ்த்தியாச்சு" என்று ஒரு இளசுக் குரல் கேட்கும். அதற்கு இவர் விதிப்படி, "விழுந்துவிட்டேன், நன்றி" என்று சொல்ல வேண்டும். முதல் தடவை நன்றியை மறந்துவிட்டார். மறுபடி மலைக்குப் போய்விட்டு வந்து இன்னொரு முறை விழச் சொன்னார்கள்.

டவரில் ஒரு பெண் இருந்தாள். அவளை அவர் பார்த்ததில்லை. சளி பிடித்த மாதிரியான குரல் மட்டும்தான் தெரியும். அவள் ஒருத்திதான் விதியில் இல்லாத ஒரு வார்த்தையைச் சேர்த்துச் சொல்வாள். "பத்திரமா விழுங்க, சார்."

விழுந்த பொம்மையை மேசையில் சாய்த்து வைப்பார்கள். சாயங்காலம் நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். அந்த ஏற்பாடு அப்படியே போயிருந்தால் இந்தக் கதைக்கே வேலையில்லை. ஒரு நாள் அதிகாரி அவரைக் கூப்பிட்டனுப்பினார். சிரிப்பில் ஒரு வருத்தம் தெரிந்தது.

"பசங்க மனசு உடைஞ்சு போறாங்க, நண்பரே. காலையில உயிரைக் கொடுத்துச் சுட்டு வீழ்த்தின ஆள், சாயங்காலம் கடையில நின்னு ரொட்டி வாங்கறார். ஒரு பையன் சாப்பிடவே மாட்டேங்கறான். நான் சுட்டதுல என்ன குறைன்னு கேட்டு அழறான். நாட்டுக்காகச் சண்டை போடப்போற பிள்ளைங்க. அவங்க நம்பிக்கையை நாம கெடுக்கலாமா?"

"நான் வேணும்னா வேற கடைக்குப் போறேன் சார்."

"அது போதாது. இனிமே விழுந்தவர் விழுந்தவர்தான். பயிற்சிக் காலம் முடியற வரைக்கும்."

"எப்போ சார் முடியும்?"

"எதிரியே இல்லைன்னு ஆனதும்."

"எதிரி நான்தானே சார்? நான்தான் விழுந்துட்டேனே? அப்போ முடிஞ்சு போச்சே?"

"அங்கதான் சிக்கல். எதிரி இல்லாம பயிற்சியை எப்படி முடிக்கறது? அதான் புதுசா ஒருத்தர் வருவாரான்னு காத்துக்கிட்டு இருக்கோம்."

இதைச் சொல்லிக்கொண்டே மேசையிலிருந்து மஞ்சள் பொம்மையை எடுத்து, ஒரு நீல நிற பிஸ்கட் டப்பாவில் போட்டார். உள்ளே ஏற்கெனவே ரெண்டு பொம்மைகள் கிடந்ததைத் தும்பிக்காரர் பார்த்தார். ஆசிரியையுடையது, மருந்து தெளிக்கிறவருடையது. மூடியை அதிகாரி உள்ளங்கையால் அழுத்தி மூடினார். தும்பிக்காரர் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தார்.

மறுநாள் ரெண்டு சிப்பாய்கள் கொட்டகைக்கு வந்தார்கள். முழுசாக, துடைத்து எண்ணெய் போட்டு நின்ற தும்பியைச் சுற்றி வந்து தொப்பியைக் கழற்றினார்கள். பிறகு மஞ்சள் நாடாவை நாலு பக்கமும் சுற்றிக் கட்டினார்கள். 'சிதைவு. தொடாதீர்.'

"எங்கண்ணே அடிபட்டுது?" என்று கேட்டான் இளையவன், நிஜமான இரக்கத்தோடு.

"எங்கேயும் படலைப்பா. பாரு, நல்லாத்தானே நிக்குது?"

"அதிர்ச்சியில இருக்கீங்கண்ணே. போய்ப் படுங்க."

மனைவி இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அதற்குப் பிறகு தளத்து வாசலில் மனு கொடுக்க அவர் போய் நின்றபோதெல்லாம் காவலாளி அவரைத் தாண்டி எதையோ பார்த்தான். கடையில் பக்கத்தில் நின்ற சிப்பாய்கள் சட்டென்று பேச்சை நிறுத்தித் தலையைக் குனிந்துகொண்டார்கள். எவனும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. தங்கைக்கு எட்டாம் மாதம் பிறந்தது. தளத்திலிருந்து துணி மறுபடி வந்தது. இந்த முறை அவள் தைத்து அனுப்பியது மேசையை முழுசாக மூடி நாலு பக்கமும் தொங்கும் அளவு.

போன் ஒரு முற்பகலில் வந்தது. மாப்பிள்ளை பேசினார். அந்த மனிதர் வாத்தியார்; வாயைத் திறந்தால் நிறுத்தி நிதானமாகப் பேசுகிறவர். அன்றைக்குக் குரல் குழறியது.

"மச்சான், உதிரம் பட்டுடுச்சு. நிக்க மாட்டேங்குது. டாக்டரம்மா உடனே கொண்டுபோகச் சொல்லிட்டாங்க. மச்சான், வந்துடுவீங்கல்ல?"

"வந்துட்டேன் மாப்பிள்ளை."

அவர் அதிகாரியைப் போனில் பிடித்தார். அதிகாரி முழுசையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். அவர் பொறுமையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"உங்க ஹெலிகாப்டரையாவது அனுப்புங்க சார்!"

"அனுப்பலாம் நண்பரே. ஆனா அந்த ஊர் இப்போ எதிரி கையில இருக்கு. பயிற்சிப்படி சொல்றேன். அடுத்த வாரம்தான் மீட்கறதா இருக்கோம். மீட்டதும் முதல் வேலையா உங்க தங்கச்சியைக் கவனிக்கச் சொல்றேன்."

"அடுத்த வாரம் அவ உயிரோட இருக்க மாட்டா சார்!"

"அப்படிப் பேசாதீங்க. எதிரி கையில சிக்கின மக்கள் தைரியமா இருக்கணும்."

"அப்போ நான் தும்பியை எடுக்கறேன்."

"சிதைஞ்ச விமானத்துல ஏறுறதா?" அதிகாரியின் குரலில் உண்மையான பதற்றம் இருந்தது. "தயவுசெஞ்சு வேண்டாம் நண்பரே. உங்க பாதுகாப்புதான் எங்களுக்கு முக்கியம்."

தும்பிக்காரர் போனை வைத்தார். மனைவி அதற்குள் பெரிய கத்தரிக்கோலோடு கொட்டகைக்கு ஓடியிருந்தாள். துணி வெட்டுகிற வேகத்தில் நாலு பக்கத்து நாடாவையும் நறுக்கித் தள்ளினாள். அவள் கன்னம் நனைந்திருந்தது.

"போய்க் கூட்டிட்டு வாங்க," என்றாள். "அந்தச் சிவப்பு எழவையெல்லாம் தச்சுக் கொடுத்தது இந்தக் கைதான். இதையாவது வெட்டறேன்."

தும்பி கிளம்பியது. யாரும் தடுக்கவில்லை. மதிலுக்கு மேலே தாழப் பறந்தபோது காவலாளி அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. இல்லாத விமானத்தை யார் தடுப்பார்கள்? ரேடியோவை அழுத்தி, "தும்பி பேசறேன். மலைக்குப் போறேன். தங்கச்சியைக் கூட்டிட்டு வரணும்" என்றார்.

ரொம்ப நேரம் இரைச்சல்தான் கேட்டது. பிறகு அந்தச் சளிக் குரல், மெதுவாக, யாருக்கோ பயந்து பேசியது. "திரையில ஒரு பறவை தெரியுது. நல்ல பறவையாத்தான் தெரியுது. சீக்கிரமாப் போயிட்டு வரட்டும்."

பள்ளிக்கூட மைதானத்தில் தும்பி இறங்கியபோது தங்கையை ஒரு பெஞ்சியில் கிடத்திக் கொண்டுவந்து வைத்திருந்தார்கள். முகத்தில் ரத்தமே இல்லை. தும்பிக்காரர் அவளைத் தூக்கி உட்காரவைத்து, இருக்கை வார்ப்பட்டையைத் தளர்த்திப் போட்டார். மாப்பிள்ளை இறக்கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மச்சான், நான்?"

"ரெண்டு பேருக்குத்தான் இடம். நீங்க ரோட்டு வழியா வந்துடுங்க மாப்பிள்ளை. நீங்க வர்றதுக்குள்ள பிள்ளை பொறந்திருக்கும்."

மாப்பிள்ளை இறக்கையை விடவில்லை. தும்பி ஓட ஆரம்பித்த பிறகும் கொஞ்ச தூரம் கூடவே ஓடிவந்தார்.

"அண்ணா," என்றாள் தங்கை, மலை கீழே போன பிறகு. "உன் சீட்டெல்லாம் கறையாயிடுச்சு."

"சீட்டு கிடக்குது, கழுதை. நீ கண்ணை மூடாம இரு. அண்ணன்கிட்ட பேசிக்கிட்டே இரு."

மலை முகட்டைத் தாண்டியதும் தூரத்தில் ஊர் தெரிந்தது. ஆஸ்பத்திரியின் வெள்ளைக் கட்டடம்கூடக் கண்ணுக்குப் பட்டது. அவருக்கு உயிர் வந்தது. அப்போதுதான் ரேடியோவில் அதிகாரியின் குரல் கேட்டது.

"இன்னைக்கு நிஜக் குண்டு. பசங்க மேல ஏறிட்டாங்க. நம்ம விமானங்க தவிர மேசை காலியா?"

"மேசை காலிதான் சார். ஆனா..." அந்தப் பெண்.

"காலின்னா காலி. அதுல என்ன ஆனா?"

"திரையில பறவை ஒண்ணு இருக்கு சார். மலைப்பக்கம் இருந்து வருது."

"பறவைக்கு நாம பொறுப்பு ஏத்துக்கறதில்லை."

தும்பிக்காரர் ரேடியோவை அழுத்திக் கத்தினார். "சார், நான் தும்பி! மலைக்கு இந்தப் பக்கம் வந்துட்டேன்! தங்கச்சி கூட இருக்கா சார், வயித்துல பிள்ளை இருக்கு! சுடாதீங்க!"

"யார் பேசறது?" என்றார் அதிகாரி.

"தும்பிக்காரர் சார்," என்றாள் அந்தப் பெண்.

"அவர் விழுந்துட்டாரேம்மா. நல்ல மனுஷன். விழுந்தவர் குரல்ல எதிரி பேசறது பழைய தந்திரம். கவனமா இரு."

"சார், அந்த டப்பாவைத் திறந்து பொம்மையை மேசையில வச்சிடுங்க சார். உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கறேன்," என்றாள்.

"பயிற்சி நடுவுல டப்பாவைத் திறந்தா பசங்க மனசு என்ன ஆகும்?"

அவள் ரேடியோப் பொத்தானிலிருந்து கையை எடுக்க மறந்துவிட்டாளா, வேண்டுமென்றே அழுத்திக்கொண்டிருந்தாளா தெரியாது. அங்கே நடந்ததெல்லாம் தும்பிக்காரர் காதில் அப்படியே விழுந்தது. நாற்காலி நகர்ந்தது. அவள் எழுந்து நடந்தாள். மேசைமேல் டக்கென்று எதையோ வைத்தாள்.

"என்னம்மா அது?"

"என் ஹேர்கிளிப் சார்." என்றாள் அவள். "அதுதான் தும்பி. மேசையில இருந்தா வானத்துல இருக்குன்னு அர்த்தம். நீங்க சொன்ன விதி. இப்போ மேசை காலி இல்லை. சுட முடியாது."

அடி என் ராசாத்தி என்று தும்பிக்காரர் வாய்விட்டுச் சொன்னார். கண்ணில் தண்ணீர் முட்டியது. ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் ஜன்னல்கள் இப்போது தனித்தனியாகத் தெரிந்தன. அதிகாரியின் பூட்ஸ் சத்தம் மேசையைச் சுற்றி மெதுவாக வந்தது.

"மஞ்சள் இல்லை," என்றார் அதிகாரி, தனக்குத்தானே. "ரெக்கை இல்லை. ஒடுக்கு இல்லை. நம்ம பொம்மைகள்ல இப்படி ஒண்ணு இல்லவே இல்லை. ஆனா மேசையில இருக்கு. மலையைத் தாண்டி வருது." பூட்ஸ் சத்தம் நின்றது. பிறகு அந்த மனிதரின் குரலில், இத்தனை மாதத்தில் முதன்முறையாக, கலப்படமில்லாத சந்தோஷம் கேட்டது. "அடையாளம் தெரியாத விமானம்! எவ்வளவு நாளா காத்துக்கிட்டு இருந்தோம்! பசங்களைத் திருப்பு."

"சார், வேண்டாம் சார்! அது என் கிளிப் சார்!"

தொடர்பு அறுந்தது.

தும்பிக்காரர் தும்பியை முடிந்த மட்டும் கீழே இறக்கினார். ரேடியோவை அழுத்தினார். என்ன சொன்னால் அவர்களுக்குப் புரியும் என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"விழுந்துவிட்டேன், நன்றி," என்றார். பதில் இல்லை. "விழுந்துவிட்டேன், நன்றி! விழுந்துட்டேன் சார், நன்றி! நன்றி சார்!"

பக்கத்து இருக்கையில் தங்கை கஷ்டப்பட்டுத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். தூரத்தில் ரெண்டு ஜெட்டுகள் வட்டமடித்துத் திரும்பி, நேராக இவர்களைப் பார்த்து வந்துகொண்டிருந்தன.

"யாருக்குண்ணா நன்றி சொல்றே?" என்றாள். "நமக்குத் துணைக்கு வர்றாங்களே, அவங்களுக்கா?"

"ஆமாம்மா," என்றார் அண்ணன்.